வீல் நட்டு கழட்ட 18,400 ரூபாயா? கார்ட்லெஸ் இம்பாக்ட் ரெஞ்ச் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு



கார் இன்சூரன்ஸ் பத்தி நாம போட்ட வீடியோல எனக்குப் பின்னாடி ஷெல்ஃப்ல துப்பாக்கி மாதிரி ஒண்ணு தெரிஞ்சுது. "அது என்ன சார், ஆடிட்டர் ரூம்ல?"ன்னு நிறைய பேர் கேட்டுட்டீங்க. அது கார்ட்லெஸ் இம்பாக்ட் ரெஞ்ச். பஞ்சர் கடைல "டர்ர்ர்"னு ஒரு சத்தத்தோட வீல் நட்டு கழட்டுவாங்க இல்ல, அந்த கன்னோட பேட்டரி வெர்ஷன். ஏர் கம்ப்ரஸர் தேவையில்ல, வயர் தேவையில்ல.

"வாங்கலாமா, எது நல்லது?"ங்கறது அடுத்த கேள்வி. என் பதில் கொஞ்சம் நீளம். ஏன்னா இதுல நான் ரெண்டு தப்பு பண்ணேன். ரெண்டாவது தப்பு பணத்தோட போயிருக்காது, உயிர்ல போய் முடிஞ்சிருக்கும்.

முதல்லயே சொல்லிடறேன்: எந்த கம்பெனியும் எனக்குக் காசு கொடுக்கல. இந்தப் பதிவுல வாங்கற லிங்க் எதுவும் கிடையாது.

அந்த ராத்திரி

எங்க வீடு விரிஞ்சிபுரம். வேலூர்லேர்ந்து பெங்களூரு போற நெடுஞ்சாலைல, பாலாத்தங்கரைல இருக்கிற ஊர். மதிலழகுக்குப் பேர்போன மார்க்கபந்தீஸ்வரர் கோயில் ஊர்னு சொன்னா பலருக்குத் தெரியும். வழித்துணை நாதர்னும் சொல்லுவாங்க. வழில போறவங்களுக்குத் துணையா வர்ற சாமி.

ஒரு நாள் ஆம்பூர்ல ஒரு கல்யாண ரிசப்ஷன். பிரியாணி சாப்பிட்டுட்டு நான், மனைவி, பொண்ணு மூணு பேரும் திரும்பி வர்றோம். மாதனூர் தாண்டி டயர் பஞ்சர். ராத்திரி பதினொண்ணு இருக்கும். ஓரமா நிறுத்தி, ஸ்டெப்னி எடுத்து, கார்லயே கொடுத்த எல் ஸ்பானரை மாட்டி அழுத்தறேன். நட்டு அசையல. ஏறி மிதிக்கிறேன், அசையல. மூணு மாசம் முன்னாடி ஒரு கடைல டயர் மாத்தினப்போ ஏர் கன்ல இறுக்கி விட்டுட்டாங்க. நானும் "நல்லா டைட்டா இருக்கு"ன்னு சந்தோஷமா வந்துட்டேன்.

பக்கத்துல லாரி ஒவ்வொண்ணா போகும்போது கார் ஆடுது. மனைவியும் பொண்ணும் ரோட்டோர தடுப்புக்கு அந்தப் பக்கம் நிக்கறாங்க. முக்கால் மணி நேரம் கழிச்சு ஒரு லாரி டிரைவர் நிறுத்தி, ஒரு ரெண்டடி பைப்பை எடுத்து என் ஸ்பானர்ல சொருகி ஒரு அழுத்து அழுத்தினார். "டக்"னு விட்டுடுச்சு. அஞ்சே நிமிஷம், வேலை முடிஞ்சுது. காசு கொடுத்தேன், வாங்கிக்கல.

மறுநாளே நான் என்ன பண்ணியிருக்கணும்? 100 ரூபாய் கொடுத்து ஒரு பைப் வாங்கியிருக்கணும். நான் பண்ணது, ஆன்லைன்ல 18,400 ரூபாய்க்கு ஒரு இம்பாக்ட் ரெஞ்ச் கிட் ஆர்டர் போட்டேன். கன், ரெண்டு பேட்டரி, சார்ஜர். அது போக இம்பாக்ட் சாக்கெட் செட் 1,600. மொத்தம் 20,000.

இதுதான் முதல் தப்பு. பயந்த மறுநாள் எதையும் வாங்கக்கூடாதுன்னு இன்சூரன்ஸ், தங்கம், ஷேர்னு எல்லாத்துக்கும் உங்களுக்குச் சொல்ற நான், எனக்குச் சொல்லிக்க மறந்துட்டேன்.

பைப்பும் கன்னும் ஒண்ணா?

முறுக்கு விசையை நியூட்டன் மீட்டர்ல அளப்பாங்க. சுருக்கமா என்எம். கணக்கு ரொம்ப சிம்பிள்: எவ்வளவு எடை அழுத்துது, நட்டுலேர்ந்து எவ்வளவு தூரத்துல அழுத்துது, ரெண்டையும் பெருக்கணும்.

70 கிலோ ஆள் முழு எடையையும் போட்டா சுமார் 686 நியூட்டன். கார்ல வர்ற எல் ஸ்பானர் ஒரு அடி, அதாவது 0.3 மீட்டர்னு வைங்க. கிடைக்கிறது சுமார் 206 என்எம். அதே ஆள் ரெண்டடி பைப்போட நுனில அழுத்தினா, 0.6 மீட்டர், சுமார் 412 என்எம்.

இப்ப கன் பக்கம் வாங்க. உதாரணத்துக்கு மகிதாவோட டிடிடபிள்யூ300 மாடல். இறுக்கும்போது அதிகபட்சம் 330 என்எம், இறுகின நட்டைக் கழட்டும்போது 580 என்எம்னு போட்டிருப்பாங்க. அதாவது ஒரு சாதாரண ஆளும் ஒரு பைப்பும் சேர்ந்தா, நல்ல கம்பெனி கன்னுக்கு ரொம்ப தூரத்துல இல்ல. கன் வேகமா பண்ணும், இடுப்பு வலிக்காது. அது உண்மையான வசதிதான். ஆனா பைப்பால முடியாத வேலைன்னு வீல் நட்டு விஷயத்துல அநேகமா எதுவும் கிடையாது.

இன்னொரு விஷயம், இதை நான் வாங்கின அப்புறம்தான் யோசிச்சேன். ரோட்ல மாட்டிக்கிட்டா உதவும்னுதானே வாங்கினேன்? அப்படின்னா அது டிக்கில இருக்கணும். எங்க வேலூர் வெயில் உங்களுக்குத் தெரியும். சித்திரை மாசம் மூடின கார் டிக்கில லித்தியம் பேட்டரியை வெச்சா அதோட ஆயுசு வேகமா குறையும். அதனால வீட்டு ஷெல்ஃப்ல வெச்சேன். மாதனூர்ல பஞ்சர் ஆனா, கன் விரிஞ்சிபுரத்துல இருக்கும்! பைப் வருஷம் முழுக்க டிக்கிலயே கிடக்கும், சார்ஜ் இறங்காது.

ரெண்டாவது தப்பு

கன் வந்ததும் புதுப் பொம்மை கிடைச்ச குழந்தை மாதிரி நாலு வீலையும் கழட்டி, டயரை முன்னே பின்னே மாத்தினேன். கழட்டறது சரி. மாட்டும்போதும் அதே கன்லயே, சத்தம் மாறற வரைக்கும் இறுக்கினேன்.

எங்க அப்பா ஒரு டேனரில மெயின்டனன்ஸ் பிரிவுல வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். திண்ணைல உக்காந்து பார்த்துட்டு இருந்தவர் கேட்டார்: "இன்னாடா, நட்டு வெக்கறியா, வெல்டிங் வெக்கறியா?" நான் சிரிச்சுட்டு விட்டுட்டேன்.

ஆறு மாசம் கழிச்சு அடுத்த முறை கழட்டும்போது ஒரு ஸ்டட் கையோட உடைஞ்சு வந்துடுச்சு. மெக்கானிக் வந்து பார்த்தப்போ அதே வீல்ல இன்னொண்ணுல மரை நீண்டு போயிருந்தது. நாலுல ரெண்டு போச்சு. அந்த நிலைமையில நான் குடும்பத்தோட ரெண்டு தடவை பெங்களூரு போயிட்டு வந்திருக்கேன். அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

என்ன நடந்துச்சுன்னா, ஸ்டட்டை இறுக்கும்போது அது ரப்பர் மாதிரி கொஞ்சூண்டு நீளும். திரும்பச் சுருங்கப் பார்க்கிற அந்த இழுவைதான் வீலைப் பிடிச்சு வெக்குது. அளவா நீட்டினா பிடிப்பு. அளவுக்கு மேல நீட்டினா அது திரும்பிச் சுருங்காது, பிடிப்பு போயிடும், ஒரு நாள் உடையும். பெரும்பாலான சின்ன கார்களுக்கு வீல் நட்டு இறுக்கம் சுமாரா 85லேர்ந்து 130 என்எம்க்குள்ள வரும். உங்க காரோட சரியான நம்பர் ஓனர்ஸ் மேனுவல்ல இருக்கும், அதைப் பாருங்க. நான் என் கையால கொடுத்தது 300க்கு மேல. மூணு மடங்கு.

அதனால என் கருத்து இதுதான்: வீட்ல கார் வேலை பார்க்கிறவங்க முதல்ல வாங்க வேண்டிய பொருள் நட்டைக் கழட்டற கன் இல்ல. நட்டை அளவா இறுக்கற டார்க் ரெஞ்ச். நம்பரை செட் பண்ணி இறுக்கினா, அளவு வந்ததும் "கிளிக்"னு சொல்லும், நிறுத்திடணும். கன் வாங்காம டார்க் ரெஞ்ச் மட்டும் வெச்சிருக்கலாம். டார்க் ரெஞ்ச் இல்லாம கன் மட்டும் வெச்சிருக்கக்கூடாது.

இப்ப கணக்கு

26 மாசம் நான் ஒரு நோட்டுல எழுதி வெச்சேன். தொழில் புத்தி! கன்னை எடுத்தது மொத்தம் 11 தடவை. வருஷத்துக்கு சுமார் 5.

20,000 ரூபாய் சாமான். அஞ்சு வருஷம் உழைக்கும், கடைசில 4,000க்கு விக்கும்னு வைப்போம். 16,000ஐ அஞ்சால வகுத்தா வருஷத்துக்கு 3,200. அந்த 20,000ஐ 7 சதவீதத்துல எஃப்டி போட்டிருந்தா வருஷம் 1,400 வந்திருக்கும். கூட்டினா 4,600. அஞ்சு தடவைக்கு வகுத்தா, ஒரு தடவை கன்னைத் தொட்டா 920 ரூபாய்.

எங்க ஊர் கடைல நாலு வீலையும் கழட்டி மாத்தி மாட்ட நான் கொடுக்கிறது 300 ரூபாய். 4,600ஐ 300ஆல வகுங்க. வருஷத்துக்கு 15 தடவைக்கு மேல உபயோகிச்சாதான் இந்தக் கன் கட்டுப்படியாகும். உங்க ஊர் ரேட்டைப் போட்டு நீங்களே ஒரு தடவை கணக்குப் பண்ணிப் பாருங்க.

மாறா, நான் பின்னாடி வாங்கின சாமான் விலை இது:

- அரை இன்ச் டார்க் ரெஞ்ச்: 3,200
- கூட்டல் குறி மாதிரி இருக்கிற கிராஸ் ஸ்பானர்: 550
- ஜாக்கி ஸ்டாண்ட் ஒரு ஜோடி: 1,800

மொத்தம் 5,550. இதுல ஜாக்கி ஸ்டாண்டை விட்டுடாதீங்க. வெறும் ஜாக்கியை நம்பி காருக்கு அடில தலையை விடறது, ஹெல்மெட் இல்லாம ஹைவேல போறதைவிட மோசம். பட்ஜெட் குறைவுன்னா கன்னைத்தான் வெட்டணும், ஸ்டாண்டை இல்ல.

ரோட்ல மாட்டிக்கிட்டா? 1033 நம்பரை இப்பவே போன்ல சேவ் பண்ணுங்க. தேசிய நெடுஞ்சாலைக்கான 24 மணி நேர உதவி எண். பள்ளிகொண்டா டோல்ல காசு கட்டிட்டுத்தானே போறோம், உதவி கேக்கறதுல கூச்சம் வேண்டாம். உங்க கார் இன்சூரன்ஸ்ல ரோட்சைடு அசிஸ்டன்ஸ் இருக்கான்னும் பாருங்க. அன்னிக்கு ராத்திரி என் பாலிசில அது இருந்துச்சு. பிரீமியம் கட்டினது ஞாபகம் இருந்துச்சு, போன் பண்ண ஞாபகம் வரல.

அப்ப யார்தான் வாங்கலாம்?

வீட்ல மூணு நாலு வண்டி இருக்கிறவங்க. பழைய கார் வாங்கி, ஞாயித்துக்கிழமை முழுக்க சஸ்பென்ஷன், பிரேக்னு கழட்டி மாட்டறவங்க. ரெண்டு மூணு லோடு வண்டி ஓட்டறவங்க. முதுகுவலி, கைவலி இருந்தும் இந்த வேலையை விட மனசில்லாதவங்க. உங்களுக்கு 15ங்கிற எண்ணிக்கை சுலபமா வந்துடும், இல்லேன்னா பணக்கணக்கைத் தாண்டின காரணம் இருக்கு. தாராளமா வாங்குங்க. வாங்கும்போது இதைப் பாருங்க:

1. வோல்ட் ஏமாத்து. 18 வோல்ட், 20 வோல்ட், 21 வோல்ட் மூணும் ஒண்ணுதான். உள்ளே அஞ்சு செல். ஒரு செல் சராசரி 3.6 வோல்ட்னா 18, முழு சார்ஜ்ல 4.2 வோல்ட்னா 21. அதே மாதிரி "88விஎஃப்", "128விஎஃப்"னு பெரிசா போட்டு விக்கறாங்க பாருங்க, அது வோல்ட் இல்ல, வெறும் பேரு. சார்ஜர்ல அவுட்புட் என்ன போட்டிருக்குன்னு பாருங்க. 21 வோல்ட்னு இருந்தா அது 18 வோல்ட் மெஷின், அவ்வளவுதான்.

2. பேட்டரியோட உண்மையான அளவு. வோல்ட்டையும் ஆம்பியர் ஹவரையும் பெருக்குங்க. 18 வோல்ட், 4 ஆம்பியர் ஹவர்னா 72 வாட் ஹவர். 1.5 ஆம்பியர் ஹவர்னா வெறும் 27. விலையை ஒப்பிடறப்போ இந்த நம்பரை வெச்சு ஒப்பிடுங்க.

3. டார்க் நம்பர் ரெண்டு. பெட்டில பெரிசா போடறது கழட்டற நம்பர். இறுக்கற நம்பர் சின்ன எழுத்துல இருக்கும். கார் வேலைக்கு இறுக்கற நம்பர் 300 பக்கம் உண்மையாவே இருந்தா போதும். 1,000 என்எம் லாரிக்காரங்களுக்கு. நாம அதுக்குக் காசு கொடுக்கிறது வேஸ்ட்.

4. மெஷினை வாங்காதீங்க, பேட்டரி குடும்பத்தை வாங்குங்க. வீட்ல ஏற்கனவே ஒரு கம்பெனியோட கார்ட்லெஸ் டிரில் இருந்தா, அதே பேட்டரி பொருந்தற கன்னை, பேட்டரி இல்லாம வெறும் மெஷினா வாங்குங்க. என் கிட்ல கிட்டத்தட்ட பாதி விலை பேட்டரிக்கும் சார்ஜருக்கும்தான். அஞ்சு வருஷம் கழிச்சு அந்தப் பேட்டரி தனியா கிடைக்குமான்னும் யோசிங்க. கிடைக்கலேன்னா முழு மெஷினும் காயலான் கடைக்குத்தான்.

5. சாக்கெட். கறுப்பு கலர்ல வர்ற இம்பாக்ட் சாக்கெட்தான் போடணும். கையால திருப்பற பளபள குரோம் சாக்கெட்டைக் கன்ல போட்டா வெடிச்சுச் சிதறும், கண்ணு போயிடும். மாருதிக்கு பெரும்பாலும் 19, ஹூண்டாய்க்கு 21 மில்லிமீட்டர். அளந்துட்டு வாங்குங்க.

6. பில். ஜிஎஸ்டி பில் வாங்குங்க. வாரண்டில பேட்டரிக்கு எத்தனை மாசம்னு தனியாப் படிங்க. மெஷினுக்கு இருக்கிற அளவு பேட்டரிக்கு இருக்காது.

"சார், கம்பெனி பேர்ல பில் போட்டுடலாமா?"

ஆம்பூர்ல ஷூ அப்பர் ஜாப் ஒர்க் பண்ற ஒரு கிளையன்ட் கேட்ட கேள்வி இது. என் 18,400ல ஜிஎஸ்டி 18 சதவீதம், 2,807 ரூபாய். அது திரும்ப வந்தா நல்லாதானே இருக்கும்?

யூனிட்ல இருக்கிற மெஷினுக்கோ, சரக்கு ஏத்தற வண்டிக்கோ உபயோகம்னா போடலாம். இன்புட் கிரெடிட் எடுக்கலாம், வருமான வரில 15 சதவீதம் தேய்மானம் கிடைக்கும். வீட்டுக் காருக்குன்னா முடியாது. சொந்த உபயோகப் பொருளுக்கு ஜிஎஸ்டி சட்டம் 17(5) பிரிவு கிரெடிட்டைத் தடுக்குது. கம்பெனி பணத்துல வாங்கினா அது உங்க சொந்த டிராயிங்ஸ்.

நியாயமா பிசினஸ்க்கே வாங்கினாலும் பாருங்க. வரி நீங்கலா 15,593 ரூபாய்க்கு முதல் வருஷத் தேய்மானம் 2,339. 30 சதவீத வரி கட்டறவருக்கு மிச்சம் சுமார் 700 ரூபாய். 700 ரூபாய் வரி மிச்சம் பண்ண 18,400 செலவு பண்றது பிளானிங் இல்ல.

அப்புறம் "நோ காஸ்ட் இஎம்ஐ". நான் அதுலதான் வாங்கினேன், ஆறு மாசம். 15 சதவீதம்னா வட்டி சுமார் 800 ரூபாய். அதை விலைல தள்ளுபடியாக் காட்டிடுவாங்க. ஆனா அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி, சுமார் 145. பிராசஸிங் ஃபீ 199, அது மேல ஜிஎஸ்டி 36. மொத்தம் 380 ரூபாய் என் கையை விட்டுப் போச்சு. முழுக் காசு கொடுத்தா கிடைச்சிருக்க வேண்டிய தள்ளுபடியும் போச்சு. இஎம்ஐ போட்டாதான் வாங்க முடியும்னா, அந்தக் கன் இப்போதைக்கு உங்களுக்கு வேண்டாம்.

கன்னை என்ன பண்ணேன்?

விக்கலாம்னு பார்த்தேன். 9,000க்கு மேல யாரும் கேக்கல. அப்பாதான் ஒரு வழி சொன்னார்: "நம்ம தெருவுல இன்னும் மூணு கார் இருக்குதுடா."

இப்ப கன் அப்பா கிட்ட இருக்கு. நாலு வீடு உபயோகிக்குது. வருஷத்துக்கு 20 தடவை வெச்சாலும் 4,600ஐ 20ஆல வகுத்தா தடவைக்கு 230. இப்பதான் அது 300க்குக் கீழே வந்திருக்கு. சீட்டு கட்டற பழக்கம் இருக்கிற நம்ம ஊர்ல, நாலு பேர் சேர்ந்து ஒரு டூல் வாங்கறது ஒண்ணும் புதுசு இல்ல. அண்ணன் தம்பி, மச்சான், பக்கத்து வீடுன்னு பேசிப் பாருங்க. ஆனா கணக்கு நோட்டு ஒண்ணு வைங்க. உடைஞ்சா யார் கொடுக்கிறதுன்னு முன்னாடியே பேசிடுங்க. இல்லேன்னா கன்னோட சேர்ந்து உறவும் போயிடும்.

கன்னைக் கேட்டு வர்றவங்களுக்கு அப்பா ஒரே ஒரு கண்டிஷன் போடறார். கன் கொடுத்தா கூடவே டார்க் ரெஞ்சும் கொடுப்பார், ரெண்டும் சேர்ந்துதான் திரும்பி வரணும். கன்ல கழட்டலாம். மாட்டும்போது கையால திருப்பி உக்கார வெச்சு, எதிரெதிர் நட்டா மாத்தி மாத்தி, டார்க் ரெஞ்ச்ல கிளிக் வர்ற வரைக்கும். ஸ்டட்ல எண்ணெய் தடவக்கூடாது. 50லேர்ந்து 100 கிலோமீட்டர் ஓடினதும் ஒரு தடவை திரும்ப செக் பண்ணணும்.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை கொடுக்கறேன், காசு செலவில்லாத வேலை. ஞாயித்துக்கிழமை காலைல, வீட்டு வாசல்ல, காரைத் தூக்காம, உங்க கார்ல இருக்கிற ஸ்பானரால ஒரு வீலோட நட்டை ஒவ்வொண்ணா லூஸ் பண்ணிப் பாருங்க. அசையுதா? நல்லது, மேனுவல் சொல்ற அளவுக்குத் திரும்ப இறுக்குங்க. டார்க் ரெஞ்ச் இல்லேன்னா, இருக்கிற கடைக்குப் போய் அளவு சொல்லி இறுக்கச் சொல்லுங்க. அசையலயா? அதை வாசல்லயே தெரிஞ்சுக்கிட்டீங்க, மாதனூர்ல ராத்திரி பதினொரு மணிக்கு இல்ல.

டார்க் ரெஞ்ச் எப்படி செட் பண்றதுன்னு அப்பாவையே வெச்சு ஒரு வீடியோ எடுத்திருக்கேன், அடுத்த வாரம் வரும். அவர் கேமரா முன்னாடி என்னைத் திட்டினதை எடிட் பண்ணல.

 பத்திரமா ஓட்டுங்க.